தங்கிவிட்டவர்களின் அணி

தமிழ்நாடு ரஞ்சி அணியில் ஒரு பையன் அடுத்தடுத்து இரண்டு சதம் அடித்தால் முதலில் மகிழ்ச்சிதான் வருகிறது. ஆனால் அது ராத்திரிவரை தாங்குவதில்லை. படுக்கப் போகும் நேரத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது: இவன் போய்விடுவான். இந்தியா ஏ அணி என்பார்கள், வெளிநாட்டுப் பயணம் என்பார்கள், ஐபிஎல் ஏலத்தில் பெயர் வரும். கடைசியில் காலிறுதி வரும்போது, யாருடைய ஆட்டத்தால் அதுவரை வந்தோமோ அந்தப் பையன் வேறெங்கோ வேறொரு சீருடையில் இருப்பான். அவன் இடத்தில் லீக் ஆட்டங்களில் மட்டும் பெயர் எடுத்த இன்னொருவன் நடுங்கும் கையோடு இறங்குவான். இது தெரிந்ததுதான், எல்லா மாநிலத்துக்கும் உள்ளதுதான். ஆனாலும் அந்த இரவில் என் மனம் கேட்பதை வெளியே சொல்ல முடிவதில்லை. இந்தப் பையனை யாரும் கவனித்துவிட வேண்டாம், இன்னும் ஒரு வருடம், கோப்பை வரும்வரை, இவன் இங்கேயே இருக்கட்டும் என்று அது கேட்கிறது. சொந்த ஊர்ப் பிள்ளையின் உயர்வுக்கு எதிராக வேண்டிக்கொள்ளும் இந்த மனத்தை என்ன செய்வதென்று எனக்கு நெடுநாளாகத் தெரியவில்லை.

ஒரு கால்பந்துக் கழகத்தின் ரசிகருக்கு இந்தத் தொல்லை வேறு வடிவில் இருக்கும் என்று நினைக்கிறேன். அவருடைய ஆட்டக்காரர் பெரிய கழகத்துக்கு விற்கப்பட்டால் அந்தப் பணத்தில் இன்னொருவரை வாங்குவார்கள். கோபித்துக்கொள்ளவும் அங்கே ஒரு எதிரி இருக்கிறார். மாநில அணிக்கு அப்படி எதுவும் இல்லை. இங்கிருந்து ஒருவர் போகும் இடம் நாடு. அதன்மேல் யார் கோபப்பட முடியும்? 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டில் நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் ஒரே நாளில் இந்தியாவுக்காக அறிமுகமானார்கள். சேலம் பக்கத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து ஒருவர், சென்னையிலிருந்து ஒருவர். அஷ்வின் காயப்பட்டதால் சுந்தருக்கு இடம் கிடைத்தது. ஒரு தமிழ்நாட்டு ஆஃப் ஸ்பின்னரின் முதுகுவலி இன்னொரு தமிழ்நாட்டு ஆஃப் ஸ்பின்னருக்குக் கதவைத் திறந்தது. முதல் இன்னிங்ஸில் இருவரும் ஆளுக்கு மூன்று விக்கெட் எடுத்தார்கள். பிறகு சுந்தர் 62 ஓட்டங்கள் அடித்தார். அந்த அதிகாலைகளில் தொலைக்காட்சிக்கு முன்னால் நான் இருந்த இருப்பை மறைக்க வேண்டியதில்லை, கண் கலங்கியது. ஆனால் அதே குளிர்காலத்தில்தான் பெருந்தொற்றால் ரஞ்சிக் கோப்பை நடக்கவேயில்லை. 1934-இல் தொடங்கிய போட்டி அப்படி நின்றுபோனது அதுவே முதல்முறை. பிரிஸ்பேன் கொண்டாட்டத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. நடராஜனைத் தமிழ்நாட்டுக்காக நான்கு நாள் ஆட்டத்தில் பார்ப்பது அதன்பின் அரிதாகிவிட்டது. அவர் உடம்புக்கு அவ்வளவு ஓவர் தாங்காது என்கிறார்கள். சரியாகத்தான் இருக்கும். அந்த இடக்கை யார்க்கரை நாம் நாட்டுக்குக் கொடுத்தோம். திரும்பி வரும் என்று எதிர்பார்த்துக் கொடுக்கவில்லை.

இதைவிட என்னை அதிகம் குடைவது 2023 மே 29 இரவு. அகமதாபாத்தில் ஐபிஎல் இறுதி. சென்னை சூப்பர் கிங்ஸுக்கு எதிராக குஜராத் அணிக்காக சாய் சுதர்சன் 47 பந்தில் 96 அடித்தார். சென்னையில் பிறந்து, சென்னை லீக் மைதானங்களில் மட்டை பிடித்து, அதற்கு முந்தைய டிசம்பரில்தான் தமிழ்நாட்டுக்காக ரஞ்சியில் இறங்கி முதல் இன்னிங்ஸிலேயே 179 எடுத்திருந்த இளைஞர். அந்த இரவு எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலிருந்தும் ஒரே குரல்தான் வந்தது: அவுட் ஆகணும், இவன் அவுட் ஆகணும். 96-இல் அவர் எல்பிடபிள்யூ ஆனபோது தெருவே கத்தியது. கடைசிப் பந்தில் ஜடேஜா பந்தைப் பவுண்டரிக்குத் தட்டிவிட, பட்டாசு வெடித்தது. சென்னைக்கு அது ஐந்தாவது கோப்பை. நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. சூப்பர் கிங்ஸ் ஆடும்போது சேப்பாக்கம் மஞ்சளாகிப் பொங்குவதை நேரில் பார்த்தவன். அந்த அன்பு போலி இல்லை, தோனிமேல் இந்த ஊர் வைத்திருக்கும் பாசம் எந்தக் கணக்குக்கும் அடங்காதது. ஆனாலும் சாய் சுதர்சன் தலையைக் குனிந்துகொண்டு பெவிலியனை நோக்கி நடந்த அந்த நடை மனதை விட்டுப் போகவில்லை. நான்கு ஓட்டம். யாருக்காக நான் அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று கேட்டால், நிஜமாகவே எனக்கு விடை இல்லை. ஒரு நகரத்தின் பெயரைத் தாங்கிய அணிக்கும் அந்த நகரத்தின் பிள்ளைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன் என்று மட்டும் சொல்லலாம்.

ரஞ்சி ஆட்டத்துக்குச் சேப்பாக்கம் போவது முற்றிலும் வேறொரு காரியம். டிக்கெட் இல்லை, வரிசை இல்லை, வாலாஜா சாலையில் பிகில் விற்பவர்கள் இல்லை. திறந்திருக்கும் ஒரே ஒரு கேட்டில் காவலாளி பையைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே விடுவார். உள்ளே நுழைந்ததும் காதில் விழுவது பந்து மட்டையில் படும் ஓசை, காலியான இருக்கைகளில் மோதி அது திரும்பி வருவது. ஐபிஎல் இரவுகளில் அந்த ஓசையைக் கேட்கவே முடியாது. நல்ல மட்டையாளர் கவர் டிரைவ் அடித்தால் ஒரு விதம், ஓரத்தில் பட்டால் இன்னொரு விதம். கொஞ்ச நாள் பழகினால் கண்ணை மூடிக்கொண்டே ஓட்டமா விக்கெட்டா என்று சொல்லிவிடலாம். அதைவிட எனக்குப் பிடித்தது களத்தில் நடக்கும் பேச்சு. விக்கெட் கீப்பர் ஓவர் முழுக்க நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருப்பார். ‘டேய் அங்கயே போடு, அங்கயே போடு, மாட்டுவான் பாரு.’ ‘மச்சி சூப்பர் பால்டா.’ ஸ்லிப்பில் நிற்பவர் ஃபீல்டரைக் கூப்பிட்டு, ‘ரெண்டு ஸ்டெப் உள்ள வா’ என்பார். எதிரணி மட்டையாளர் பஞ்சாபியோ வங்காளியோ, அவருக்கு ஒன்றும் புரியாது. மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வரும்போது சுழற்பந்து வீச்சாளர்கள் கேப்டனிடம் முனை மாற்றிக் கேட்பதைப் பார்க்கலாம். இந்தியாவின் எந்த அணியும் இப்படி என் மொழியில் எனக்குக் கேட்கும்படி ஆடுவதில்லை. சூப்பர் கிங்ஸ் அணியை எவ்வளவு நேசித்தாலும் அது கிடைக்காது. நம் அணி என்று நான் எதைச் சொல்கிறேன் என்று யோசித்தால், கடைசியில் அந்த விக்கெட் கீப்பரின் குரலில்தான் போய் நிற்கிறேன்.

அந்தக் காலி இருக்கைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். ஒருவர் தினமும் நோட்டுப் புத்தகத்தில் ஸ்கோர் எழுதுவார். புள்ளி, ஒன்று, புள்ளி, நான்கு என்று பந்துக்குப் பந்து, கட்டம் போட்டு, பென்சிலில். விக்கெட் விழும்போது மட்டும் சிவப்பு மை. மின்பலகையில் தவறாக ஏதாவது வந்தால் சத்தமாகத் திருத்துவார், பலகைக்குக் கேட்காது என்றாலும். சாப்பாட்டு இடைவேளையில் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து தயிர்சாதமும் மாவடுவும் சாப்பிடுவார். முந்தைய தலைமுறை இங்கே டிரான்சிஸ்டரோடு வந்தது. அப்துல் ஜப்பார், ராமமூர்த்தி, கூத்தபிரான் என்று வானொலித் தமிழ் வர்ணனையாளர்களின் குரல்களை அவர்கள் இன்னும் அப்படியே நடித்துக் காட்டுவார்கள். இவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் தோல்விகளைப் பற்றித்தான் பேசுவார்கள். வெற்றிகளைச் சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகாது. 1954-55-இல் மெட்ராஸ் என்ற பெயரில், பாலு அழகன்னன் தலைமையில், இந்தூரில் ஹோல்கர் அணியை 46 ஓட்ட வித்தியாசத்தில் வென்றது. 1987-88-இல் எஸ். வாசுதேவன் தலைமையில் சேப்பாக்கத்தில் ரயில்வேஸ் அணிக்கு எதிராக 709 ஓட்டங்கள் குவித்து, இன்னிங்ஸும் 144 ஓட்டங்களும் என்று வென்றது. அவ்வளவுதான். 12 இறுதிகள், 2 கோப்பைகள். மும்பைக்கு 42.

தோல்விகளுக்கு மட்டும் ஒவ்வொன்றுக்கும் தனி முகம் இருக்கிறது. இதே மைதானத்தில்தான் 1934 நவம்பர் 4 அன்று ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் நடந்தது. எம். ஜே. கோபாலன் முதல் பந்தை வீசினார். ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்து, மைசூர் அணியை ஒரே நாளில் இரண்டு முறை சுருட்டி அனுப்பினார். அப்படித் தொடங்கிய கதை, 1973-இல் இதே இடத்தில் வேறு மாதிரிப் போனது. இறுதிப்போட்டியில் எதிரணி பம்பாய். வெங்கட்ராகவனும் வி. வி. குமாரும் நம் பக்கம், சுழலுக்கு ஏற்ற ஆடுகளம். பம்பாய் 151-க்குச் சுருண்டது. கோப்பை வீட்டுக்கு வந்துவிட்டது என்று ஊரே நினைத்திருக்கிறது. பிறகு பத்மாகர் சிவால்கர் 16 ஓட்டங்களுக்கு 8 விக்கெட் எடுத்தார், நாம் 80. அடுத்த இன்னிங்ஸில் 18-க்கு 5 எடுத்தார், நாம் 61. இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடக் கிடைக்காத மனிதர் அவர், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்றாம் நாளின் முதல் பந்தில் ஆட்டம் முடிந்தது. நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது அந்த மூன்றாம் நாள் காலை சாப்பாட்டு மூட்டையோடு உள்ளே வந்து உட்கார்ந்தவர்களை. ஒரு பந்து பார்த்தார்கள். இரண்டாம் நாள் மாலையே எல்லாம் தெரிந்துபோன பிறகும் ஏன் வந்தார்கள்? கடைசி விக்கெட் ஜோடி நூற்றுச் சொச்சம் ஓட்டங்கள் எடுத்துவிடும் என்று நம்பினார்களா? அப்படி நம்பியிருக்க முடியாது. ஆனாலும் வந்தார்கள். ரசிகன் என்ற ஜாதியைப் பற்றி எனக்கு இருக்கும் மரியாதையில் பாதி, நான் பார்த்திராத அந்தக் கூட்டத்தின்மேல்தான்.

2012 ஜனவரியில் நடந்த இறுதிப்போட்டிக்கு நானே அங்கே இருந்தேன். ராஜஸ்தான். வினீத் சக்சேனா என்று ஒருவர் 665 பந்துகளைச் சந்தித்து 257 எடுத்தார். அணி 621. இறுதிப்போட்டி டிராவில் முடிந்தால் முதல் இன்னிங்ஸில் யார் முன்னிலையோ அவர்களுக்கே கோப்பை. அதனால் அவர்களுக்கு அவசரமே இல்லை. பந்தை விடுவார், தடுப்பார், கையுறையைச் சரிசெய்வார், மறுபடி விடுவார். நம் பையன்கள் தோள் வலிக்கப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் ஃபீல்டிங்கில் பேச்சே நின்றுவிட்டது. அந்த விக்கெட் கீப்பர் குரலும் இல்லை. அந்த மௌனத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. பிறகு நாம் இறங்கி 295-க்கு ஆட்டமிழந்தோம். என்னை வருத்தியது தோற்ற விதம். நான்கு நாள் கிரிக்கெட்டில் பொறுமை என்பது நம்முடைய சொத்து என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தோம். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிச் சந்துகளில் பிறந்த ஆட்டம் நிதானத்தால் ஆனது என்று பெரியவர்கள் சொல்லி வளர்ந்தோம். அந்த நிதானத்தை ராஜஸ்தானிலிருந்து வந்த ஒருவர், நம் மண்ணில் நின்று, நமக்குச் செய்து காட்டிவிட்டுப் போனார். 2015 மார்ச்சில் வான்கடேயில் கருண் நாயர் 328 அடித்தார், ரஞ்சி இறுதியில் ஒருவர் எடுத்த மிக அதிக ஓட்டம் அது. கர்நாடகம் 762. நாம் முதல் இன்னிங்ஸில் 134. பத்தாண்டு கழித்து 2025 பிப்ரவரியில் நாக்பூரில் காலிறுதி. அதே கருண் நாயர், இப்போது விதர்பாவுக்காக, 122. நாம் 198 ஓட்டத்தில் தோல்வி. சில பெயர்களைக் கேட்டாலே நமக்கு முதுகு சில்லிடுகிறது என்றால் இப்படித்தான்.

நடுவில் 2024 வந்தது, எல்லாவற்றிலும் அதிகம் வலித்தது அதுதான். காரணம் அந்த அணியை நான் நம்பினேன். சாய் கிஷோர் தலைமை. கோவையில் நடந்த காலிறுதியில் நடப்புச் சாம்பியன் சௌராஷ்டிரத்தை இன்னிங்ஸும் 33 ஓட்டங்களும் என்று முடித்தார்கள். சாய் கிஷோர் பந்தையும் வீசி, இரவுக் காவலராக இறங்கி மட்டையும் பிடித்து, கேப்டனுக்கு உரிய எல்லா பாரத்தையும் சுமந்தார். அந்தப் பருவத்தில் 53 விக்கெட், நாட்டிலேயே அதிகம். அரையிறுதி மும்பையில், பாந்த்ரா குர்லா மைதானத்தில். புல் இருந்த ஆடுகளத்தில் டாஸ் வென்று முதலில் மட்டை பிடித்தோம், 146. ஆனாலும் மும்பையை 106-க்கு 7 என்று பிடித்துவிட்டார்கள். அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே, அதை நான் இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். எல்லாம் சாத்தியமாக இருந்த ஒரு மணி நேரம். பிறகு ஷர்துல் தாக்கூர் ஒன்பதாவதாக இறங்கி 109 அடித்தார். இன்னிங்ஸும் 70 ஓட்டங்களும். ஆட்டம் முடிந்ததும் நம் பயிற்சியாளர் சுலக்ஷண் குல்கர்னி, முதல் நாள் காலை ஒன்பது மணிக்கே தோற்றுவிட்டோம், டாஸ் முடிவு தவறு என்ற பொருளில் செய்தியாளர்களிடம் பேசினார். டாஸ் முடிவு தவறாகவே இருந்திருக்கலாம், நானும் அன்று காலை பந்து வீசுவோம் என்றுதான் எதிர்பார்த்தேன். ஆனால் பருவம் முழுவதும் தோளில் சுமந்து வந்த ஒருவரை, தோற்ற அன்றே, எல்லோர் முன்னாலும் தனியாக நிறுத்தியதை என்னால் ஏற்க முடியவில்லை. தினேஷ் கார்த்திக் உள்பட முன்னாள் வீரர்கள் அதை வெளிப்படையாகக் கண்டித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ரசிகன் கோபத்தில் நூறு சொல்வான், அது அவன் உரிமை. உள்ளே இருப்பவர்கள் சொல்லக் கூடாது.

இங்கேதான் என் பழைய குடைச்சலுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. சாய் கிஷோர் போன்றவர்கள் யார்? இந்தியாவுக்காகச் சில டி20 ஆட்டங்கள் ஆடியிருக்கிறார். டெஸ்ட் வாய்ப்பு வாசல்வரை வந்து நிற்கிறது, உள்ளே வரவில்லை. ஆகவே ரஞ்சிப் பருவம் தொடங்கும்போது அவர் நமக்குக் கிடைக்கிறார். நம் அணியின் முதுகெலும்பு எப்போதும் இப்படிப்பட்டவர்களால்தான் ஆகியிருக்கிறது. வி. வி. குமார் இரண்டே டெஸ்ட் ஆடினார், ரஞ்சியில் மட்டும் 400-க்கு மேல் விக்கெட் எடுத்தார். எஸ். சரத் முதல்தர ஆட்டங்களில் 8,700 ஓட்டங்கள் எடுத்தார், இந்தியாவுக்காக ஒரு பந்தும் சந்திக்கவில்லை. பத்ரிநாத் 10,000-க்கு மேல் எடுத்தார், சராசரி 54, இரண்டே டெஸ்ட். இவர்களில் யாராவது ஒருவர் இன்னும் கொஞ்சம் அதிர்ஷ்டசாலியாக இருந்திருந்தால் தமிழ்நாடு இன்னும் சில ஆட்டங்களைத் தோற்றிருக்கும். அப்படியென்றால் நான் கொண்டாடும் ஒவ்வொரு இன்னிங்ஸும் ஒரு மனிதருக்கு மறுக்கப்பட்ட வேறொன்றின் மேல் நிற்கிறது. சரத் மிடில் ஆர்டரில் இறங்கி, சரிந்துகிடக்கும் ஸ்கோரை மெல்ல மெல்லத் தூக்கி நிறுத்தும்போது நாங்கள் கைதட்டிய கைதட்டலில், இவர் எங்களிடமே இருக்கிறார் என்ற நிம்மதி இருந்ததா? இருந்தது என்றுதான் நினைக்கிறேன். அந்த நிம்மதி அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும்?

அதே சமயம், தங்கியவர்களையாவது நாம் தக்கவைத்தோமா? பத்ரிநாத் 2014-இல் விதர்பாவுக்குப் போனார். அதே பருவத்தில் தமிழ்நாடு இறுதிக்குப் போய் 134-க்குச் சுருண்டது, அந்த முதல் இன்னிங்ஸில் நான்காவதாக யார் இறங்கியிருக்க வேண்டும் என்று கேட்காத ரசிகர் இல்லை. பாபா அபராஜித் கேரளத்துக்குப் போனார், 2024-25-இல் கேரளம் தன் வரலாற்றில் முதன்முறையாக இறுதியில் ஆடியது. போனவர்களுக்கு அவரவர் நியாயம் இருக்கும். இளைஞர்களுக்கு வழிவிட வேண்டும் என்ற வாதமும் பொய்யல்ல. ஆனால் மற்ற மாநிலங்களைப் பாருங்கள். வயது நாற்பதைத் தொட்ட வாசிம் ஜாஃபரை விதர்பா வைத்துக்கொண்டது, 2017-18, 2018-19 என்று அடுத்தடுத்து இரண்டு கோப்பை வென்றது. குஜராத், சௌராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் எல்லாம் கடந்த பத்து வருடங்களில் வென்றுவிட்டன. அங்கெல்லாம் பார்த்தால் ஒரே கூட்டம் ஐந்தாறு வருடம் சேர்ந்து ஆடியிருக்கும், சேர்ந்து தோற்றிருக்கும், பிறகு வென்றிருக்கும். நம்மிடம் அபினவ் முகுந்த், இந்திரஜித், விஜய் சங்கர், சாய் கிஷோர் என்று பத்தாண்டுக்குள் தலைமை கைமாறிக்கொண்டே வந்தது. திறமைக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. சையது முஷ்டாக் அலி டி20 கோப்பையை மூன்று முறை வென்றிருக்கிறோம். 2021-இல் டெல்லியில் கர்நாடகத்துக்கு எதிராகக் கடைசிப் பந்தில் ஐந்து ஓட்டம் தேவைப்பட்டபோது ஷாருக் கான் சிக்ஸர் அடித்தார். விஜய் ஹசாரே 50 ஓவர் போட்டியில் ஐந்து முறை. குறுகிய ஆட்டங்களில் எல்லாம் கைகூடுகிறது. நான்கு நாள் சேர்ந்து இருக்க வேண்டியதில்தான் உடைகிறது. என் கணிப்பு இது: நம் சென்னை லீகும் தமிழ்நாடு பிரீமியர் லீகும் ஆட்டக்காரர்களை நன்றாகவே உருவாக்குகின்றன. ஒரு அணியை உருவாக்கும் பொறுமை மட்டும் நிர்வாகத்துக்கும் இல்லை, ரசிகர்களான நமக்கும் இல்லை.

நமக்கும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், யாரும் பார்க்காத அணிக்குப் பொறுமை காட்டுவதற்கு எந்த நிர்பந்தமும் இல்லை. ஒரு மாநில அணியின் கேப்டனை மாற்றினால் தெருவில் யாருக்கும் தெரிவதில்லை. மூத்த ஆட்டக்காரரை விட்டுவிட்டால் செய்தித்தாளில் நான்கு வரி. இப்போது பருவத்தையே இரண்டாக வெட்டி, அக்டோபர், நவம்பரில் பாதி, நடுவில் டி20-யும் 50 ஓவரும், ஜனவரிக்கு மேல் மீதி என்று நடத்துகிறார்கள். முதல் பாதியில் யார் எங்கே நின்றார்கள் என்பதே இரண்டாம் பாதியில் மறந்துபோகிறது. தீபாவளிக்கு முன் மழை பெய்து ஒரு ஆட்டம் கெட்டால், அந்த இழந்த புள்ளி பிப்ரவரியில் நம் தலையில் வந்து இறங்குகிறது. இதையெல்லாம் நினைக்கும்போது சோர்வு வருகிறது. அந்தச் சோர்வு வெறுப்பாகாமல் இருப்பதற்குக் காரணம் ஆட்டக்காரர்கள்தான். அஷ்வின் 537 டெஸ்ட் விக்கெட் எடுத்த மனிதர். நாட்டுக்காக ஆடிய வருடங்களிலும் இடைவெளி கிடைத்தபோதெல்லாம் சென்னை லீக்கில், நூறு பேர்கூட இல்லாத மைதானங்களில், கிளப் தொப்பி போட்டுக்கொண்டு பந்து வீச வந்தவர். போனவர்கள் எல்லோரும் போய்விடவில்லை என்பதற்கு அவரைத்தான் சாட்சி சொல்வேன். வேண்டுதலுக்கும் வெட்கத்துக்கும் நடுவில் நான் அலைவதற்கு அவரிடம் பாதி விடை இருக்கிறது. மீதிப் பாதி கிடைக்கவில்லை. சாய் சுதர்சன் இந்தியாவுக்காக இங்கிலாந்தில் இறங்கியபோது மனதாரப் பெருமைப்பட்டேன். அதே நேரத்தில் அக்டோபரில் நமக்கு மூன்றாவதாக யார் இறங்குவார் என்று கணக்கும் போட்டேன். இரண்டும் ஒரே மனசுதான், இதற்கு மேல் அதைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

எனக்கு இருக்கும் நம்பிக்கை பெரியதாக இல்லை, ஆனால் ஆதாரம் இல்லாமலும் இல்லை. ஆட்டங்கள் இப்போது சேப்பாக்கத்தில் மட்டும் நடப்பதில்லை. கோவையில் கல்லூரி மைதானத்தில், சேலத்தில், நத்தத்தில் நடக்கின்றன. அங்கெல்லாம் களத்துக்கும் பார்வையாளர்களுக்கும் தூரம் குறைவு. கோவையில் ஒரு ஆட்டத்தின்போது எல்லைக்கோட்டில் நின்ற வேகப்பந்து வீச்சாளரிடம் ஒரு சிறுவன் போய், ‘அண்ணா, அந்தப் பால எப்படிண்ணா உள்ள கொண்டாந்தீங்க?’ என்று கேட்டான். அவர் ஓவர் இடைவெளியில் பந்தைக் கையில் வாங்கி, தையலை எந்த விரலில் வைக்க வேண்டும் என்று காட்டினார். மணிக்கட்டைப் பையன் தப்பாக வளைத்ததும், ‘அப்படி இல்லடா தம்பி’ என்று அவன் கையைப் பிடித்து நேராக்கினார். அதற்குள் நடுவர் கூப்பிட்டுவிட்டார், பந்தை வாங்கிக்கொண்டு ஓடினார். பையன் அந்த விரல்களை அப்படியே வைத்துக்கொண்டு அப்பாவிடம் போய்க் காட்டினான். ஐம்பதாயிரம் பேர் உட்காரும் இரவு ஆட்டத்தில் இது நடக்க வழியே இல்லை. அந்தப் பையன் பெரியவனாகித் தமிழ்நாட்டுக்கு ஆட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆடினால், நன்றாக ஆடினால், அவனும் போய்விடுவான். போகட்டும்.

கிரிக்கெட் சங்கத்திடம் கேட்பதற்கு இரண்டு விஷயம் உண்டு. பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ரஞ்சி ஆட்டங்களுக்கு அழைத்து வாருங்கள், ஒரு நாளைக்கு ஒரு பள்ளி என்று வைத்தாலும் போதும். பொறுப்பில் இருக்கும் கேப்டனுக்கும் பயிற்சியாளருக்கும் மூன்று பருவமாவது கொடுங்கள், நடுவில் எத்தனை தோற்றாலும். வாசிப்பவர்களிடம் ஒன்றுதான். உங்கள் ஊரில் அல்லது பக்கத்து ஊரில் தமிழ்நாடு ஆடினால் ஒரு நாள் போய் உட்காருங்கள். காசு கேட்க மாட்டார்கள். காலை ஒன்பதரைக்குள் போய்விடுங்கள், முதல் பந்து அப்போதுதான் போடுவார்கள். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள், வெயில் அடிக்கும். விக்கெட் கீப்பர் பேசுவது கேட்கும்படி பக்கவாட்டில் கீழ்வரிசையாகப் பார்த்து இடம் பிடியுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.